சீராகிப்போன நாடி: இதய மருந்தும் சர்க்கரை மருந்தும் சந்தித்த ஒரு நிகழ்வு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஒரே நோயாளியின் கோப்பு அல்ல. இதயச் செயலிழப்பும் நீரிழிவும் சேர்ந்திருப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களை ஒருவர் மேல் ஏற்றிப் பாடத்துக்காகக் கோத்தது. உடல் எடை, ரத்தப் பரிசோதனை எண்கள் எல்லாம் அப்படி அமைத்தவையே. மருந்துகளைப் பற்றிச் சொல்லியிருப்பவை மட்டும் உள்ளபடி.

வந்தபோது

67 வயதுப் பெண். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் ரத்தம் 30 சதவீதம்தான். கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது ஒழுங்கே இல்லாமல் துடிக்கும் நாடி. இரண்டாம் வகை நீரிழிவு பல வருடங்களாக இருக்கிறது. ஐந்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, குமட்டல், எழுந்தால் தலைசுற்றல், அவ்வப்போது திடீரென்று வேர்த்துக் கொட்டுகிறது என்று அழைத்து வந்தார்கள்.

படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 94/58, நிற்க வைத்ததும் மேல் எண் 76. கால் வீக்கம் இல்லை, நாக்கு வறண்டிருந்தது. எடை 59.8 கிலோ, ஐந்து வாரம் முன்பு 64. நாடி நிமிடத்துக்கு 48, அதுவும் கடிகாரம் போல ஒரே சீராக. முதலில் பார்த்த இளம் மருத்துவர் "நாடி ஒழுங்காக இருக்கிறது" என்று நிம்மதியாகவே குறித்திருந்தார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர், நாடியை மெதுவாக்கும் டிகாக்ஸின் சாப்பிடுபவர், அவருடைய நாடி திடீரென்று மெதுவாகவும் ஒழுங்காகவும் ஆகிவிட்டால் சந்தோஷப்படக் கூடாது. மேலறையிலிருந்து வரும் தாறுமாறான தூண்டல்கள் கீழே இறங்காமல் தடைபட்டு, இடையிலிருக்கும் கணு தன்பாட்டுக்குத் துடிக்கத் தொடங்கியிருக்கலாம். ஈசிஜி எடுத்ததில் அதுவேதான் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் கிரியாட்டினின் 1.9 (பழைய அளவு 1.1), பொட்டாசியம் 5.7, சர்க்கரை 54. டிகாக்ஸின் அளவு மில்லிலிட்டருக்கு 3.6 நானோகிராம். சிறுநீர்ப் பட்டையில் சர்க்கரை நான்கு பிளஸ். ரத்தத்தில் 54, சிறுநீரில் நான்கு பிளஸ் என்றால் ஆய்வகத்தில் புட்டி மாறிவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும். மாறவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மருந்துப் பையில் இருந்தவை

சாகுபிட்ரில்-வால்சார்டான், கார்வெடிலால், ஸ்பைரோனோலாக்டோன், ஃப்யூரோசிமைட் (எல்லோரும் நீர் மாத்திரை என்பார்களே, அது), டிகாக்ஸின் 0.25 மி.கி., ரத்தம் உறையாமலிருக்க அபிக்சபான், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமெபிரைட், டாபாகிளிஃப்ளோசின். கூட்டு மாத்திரையை ஒன்றாக எண்ணினால் பத்து. பத்து மருந்தில் 45 ஜோடிகள் உண்டு. ஒரு மருந்து இன்னொன்றைப் பாதிக்கும் இடைவினையைச் சோதிக்கும் மென்பொருளில் இந்தப் பத்தையும் போட்டால் மஞ்சளும் சிவப்புமாக எச்சரிக்கைகள் ஒரு பக்கத்துக்கு நீளும். எது இன்று இவரைப் படுக்க வைத்தது என்பதற்கு மட்டும் அதில் பதில் இருக்காது.

காலவரிசை அதைவிடப் பயன்பட்டது. ஐந்து வாரம் முன்பு எனாலப்ரில் நிறுத்தி, 36 மணி நேரம் இடைவெளி விட்டு, சாகுபிட்ரில்-வால்சார்டான் தொடங்கியிருக்கிறார்கள். இந்த இடைவெளி சம்பிரதாயம் இல்லை. எனாலப்ரில் தடுக்கும் ஏசிஇ, சாகுபிட்ரில் தடுக்கும் நெப்ரிலைசின் என்ற இரண்டு நொதிகளையும் சேர்த்தே தடுத்த ஓமாபாட்ரிலாட் என்ற மருந்து, முகமும் தொண்டையும் வீங்கும் ஆஞ்சியோடீமாவை அதிகமாகக் கொண்டுவந்ததால்தான் கைவிடப்பட்டது. கிளிப்டின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் இருப்பவர்களிடமும் இந்த வீக்கத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இவரிடம் அந்த வகை இல்லை, எனவே அந்தக் கிளையை விட்டுவிடலாம்.

மூன்றாவது வாரம் டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. சேர்ந்தது. ஒரு வாரத்தில் எடை 62.5 ஆனது, மூச்சு வாங்குவது குறைந்தது, அம்மாவுக்கு நன்றாகவே இருந்தது. நான்காவது வாரம் வேறொரு இடத்தில், இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் பிஎன்பிக்கான பரிசோதனை செய்திருக்கிறார்கள். பழையதைவிடக் கூடியிருந்தது. இதயம் இன்னும் திணறுகிறது என்று முடிவுகட்டி, ஃப்யூரோசிமைடை 40இலிருந்து 80 ஆக்கிவிட்டார்கள். அன்று எடை பார்த்ததாகக் குறிப்பில் இல்லை.

யார் மேல் சந்தேகம்

கடைசியாக வந்தவன் மேல்தான் எல்லோருக்கும் கண் போகும். டாபாகிளிஃப்ளோசின் வந்த பிறகுதான் இதெல்லாம், அதுதான் டிகாக்ஸினை ஏற்றியிருக்கும் என்று ஒரு கருத்து உடனே எழுந்தது. நியாயமான ஊகம்தான். டிகாக்ஸினை உடல் பெரிதாக மாற்றுவதில்லை. பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறும். குடலிலும் சிறுநீரகத்திலும் அதை வெளியே தள்ளுவது பி-கிளைகோபுரதம் என்ற பம்ப். அந்தப் பம்பை இன்னொரு மருந்து தடுத்தால் டிகாக்ஸின் ஏறும். குவினிடின் கொடுத்தால் டிகாக்ஸின் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 1978இல் தெரியவந்தபோது, அதுவரை இரண்டையும் சேர்த்தே கொடுத்துப் பழகியிருந்த மருத்துவ உலகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குப் பிறகு புது மருந்துகள் பலவற்றை டிகாக்ஸினோடு சேர்த்துச் சோதிப்பது வழக்கமாகிவிட்டது.

அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்றால், நல்ல ஆரோக்கியமான தன்னார்வலர்கள் சில பேருக்கு டிகாக்ஸின் மட்டும் கொடுத்து ரத்த அளவை மணிக்கணக்காகப் பின்தொடர்வார்கள். பிறகு புது மருந்தோடு சேர்த்துக் கொடுத்து அதையே செய்வார்கள். இரண்டு வளைவுகளின் விகிதம், அதன் 90 சதவீத நம்பக எல்லை, 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் நடுவில் விழுந்தால் "இடைவினை இல்லை" என்று எழுதலாம். சர்க்கரை மருந்துகளில் இப்படிக் கிடைத்த எண்கள் சுவாரசியமானவை. கானகிளிஃப்ளோசின் டிகாக்ஸினின் மொத்த அளவை 20 சதவீதமும் உச்சத்தை 36 சதவீதமும் ஏற்றுகிறது. சிடாகிளிப்டின் 11, 18. லிராகுளூடைட் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் மொத்த அளவை 16 சதவீதம் குறைக்கவே செய்கிறது. டாபாகிளிஃப்ளோசினோ டிகாக்ஸினைப் பொருட்படுத்தும்படி மாற்றவில்லை. இவர் பையில் இருந்த வால்சார்டான், மெட்ஃபார்மின், கிளிமெபிரைட் ஆகியவற்றோடும், ஃப்யூரோசிமைடின் உறவுக்காரரான பியூமெடனைடோடும்கூட அதைச் சோதித்திருக்கிறார்கள். அளவை மாற்றத் தேவை வரவில்லை.

அப்படியென்றால் புத்தகப்படி டாபாகிளிஃப்ளோசினுக்கும் டிகாக்ஸினுக்கும் இடையே இடைவினையே இல்லை. ஆனால் டிகாக்ஸின் 3.6 என்று தாள் சொல்கிறது.

அந்த 3.6

தாளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியிருந்தது. காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டவருக்கு ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். டிகாக்ஸின் ரத்தத்திலிருந்து தசைக்குள் போய்ச் சேரக் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். அதற்குள் எடுத்தால் எண் பொய்யாக உயரும். அன்று மாத்திரையை நிறுத்திவிட்டு, அடுத்த நாள் காலை மறுபடி எடுத்ததில் 2.3 வந்தது. உண்மையான எண் அதுதான், அதுவும் அதிகம்தான். இதயச் செயலிழப்பில் 0.5க்கும் 0.9க்கும் இடையில் வைத்துக்கொள்வதுதான் இன்றைய போக்கு. சில மாதம் முன்பு இவருக்கு 1.2 இருந்திருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த வயதில், சிறுநீரக வடிகட்டும் வேகம் 55 உள்ளவருக்கு 0.25 மி.கி. என்பதே தாராளம். விளிம்பில் நின்றுகொண்டிருந்தவரைத் தள்ள பலமான கை தேவைப்படவில்லை.

கிரியாட்டினின் 1.9 என்றால் அந்த வேகம் 29 அளவுக்கு விழுந்துவிட்டது. வெளியேறும் வழி பாதியாகச் சுருங்கினால் டிகாக்ஸின் இரு மடங்கை நோக்கி ஏறும். 1.2 போய் 2.3 ஆனதற்கு வேறு பம்ப் எதையும் தேட வேண்டியதில்லை. தன்னார்வலர்களிடம் இது ஏன் தெரியவில்லை என்றால், அவர்களுடைய சிறுநீரகத்தை யாரும் வறள விடவில்லை.

சிறுநீரகத்துக்குள் நடந்தது

இந்த நிகழ்வின் மையம் இங்கேதான். சிறுநீரகம் வடிகட்டிய உப்பை மூன்று நான்கு இடங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளும். குழாயின் முதல் பகுதியில், சர்க்கரையோடு சேர்த்துச் சோடியத்தை இழுக்கும் வாசலை டாபாகிளிஃப்ளோசின் மூடுகிறது. அங்கே தப்பிய உப்பு, குழாயின் அடுத்த பகுதியான ஹென்லே வளைவுக்கு வரும். சாதாரணமாக அந்த வளைவு "முன்னால் விட்டதை நான் பிடிக்கிறேன்" என்று வேலை பார்க்கும். அங்கே ஃப்யூரோசிமைட் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் இரட்டை அளவில். கடைசிக் கட்டத்தில் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சொல்படி மிச்சத்தை மீட்கும் வழியை ஸ்பைரோனோலாக்டோன் அடைத்துவிட்டது. மூன்று மதகும் ஒரே நேரத்தில் திறந்த ஏரி மாதிரி ஆகிவிட்டது.

நீர் குறைந்தால் வடிகட்டியைக் காப்பாற்றச் சிறுநீரகத்துக்கு ஒரு கடைசித் தந்திரம் உண்டு. வடிகட்டியிலிருந்து வெளியே போகும் நுண் ரத்தக்குழாயைச் சுருக்கி உள்ளே அழுத்தத்தை நிறுத்திக்கொள்ளும். அந்தச் சுருக்கத்துக்கு ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வேண்டும். வால்சார்டான் அதன் வாயை அடைத்திருக்கிறது. உள்ளே வரும் குழாயை டாபாகிளிஃப்ளோசின் தன் பங்குக்குச் சற்றுச் சுருக்குகிறது. நீண்ட காலத்தில் சிறுநீரகத்துக்கு நன்மை தருவதும் இதே செயல்தான். ஆனால் உடலில் நீர் வற்றிய வாரத்தில் அது உதவிக்கு வராது.

இது நடக்க எந்த மருந்தும் இன்னொரு மருந்தின் ரத்த அளவைத் தொட வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. எல்லாம் ஒரே உறுப்பில் ஒரே வாரத்தில் செய்தன. ஜோடி ஜோடியாகப் பார்க்கும் மென்பொருளுக்கு இது எட்டாது.

அப்புறம் சங்கிலி தன்னாலேயே நீண்டது. டிகாக்ஸின் ஏறியதும் பசி போனது. நோயாளிக்குப் பொருள்கள் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாடப்புத்தக விசுவாசத்தோடு கேட்டார்கள், தெரியவில்லை; பசியின்மையும் குமட்டலும்தான் இருந்தன. பசி போனதால் சாப்பாடும் தண்ணீரும் குறைந்தன. கிளிமெபிரைட் மட்டும் தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதன் செயல்படும் சிதைபொருள் சிறுநீரகம் வழியாகப் போக வேண்டியது, போகவில்லை. சர்க்கரை இறங்கியது. இறங்கினால் நெஞ்சு படபடக்க வேண்டும், கை நடுங்க வேண்டும். கார்வெடிலால் அந்த இரண்டையும் அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அதால் அமுக்க முடியாது. திடீரென்று வேர்த்துக் கொட்டுகிறது என்று வீட்டார் சொன்னது லோ சுகரைத்தான். இதய நோயாளிக்கு வேர்த்தால் இதயம்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பரிசோதனைகளே ஏமாற்றிய இடங்கள்

சிறுநீர்ப் பட்டை நான்கு பிளஸ் காட்டியது டாபாகிளிஃப்ளோசின் வேலை செய்வதால். இந்த வகை மருந்தில் இருப்பவர்களுக்குச் சிறுநீர்ச் சர்க்கரையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு நன்மை உண்டு: மாத்திரையை உண்மையிலேயே சாப்பிட்டுவருகிறார் என்பதற்கு அது சாட்சி.

பிஎன்பி விவகாரம் அதைவிட முக்கியம். பிஎன்பியைச் சிதைப்பவற்றில் நெப்ரிலைசினும் ஒன்று. சாகுபிட்ரில் அதைத் தடுக்கிறது. ஆகவே இந்த மருந்து தொடங்கியபின், நோய் மோசமாகாமலேயே பிஎன்பி கூடலாம். என்டி-ப்ரோபிஎன்பி நெப்ரிலைசினுக்கு இரையாவதில்லை, அதைத்தான் பார்க்க வேண்டும். சேமித்து வைத்திருந்த பழைய மாதிரியில் அதைச் செய்து பார்க்க வழி இல்லை. வந்த நாளில் எடுத்ததில் என்டி-ப்ரோபிஎன்பி ஆறு மாதம் முந்தைய அளவைவிடக் குறைவாகவே இருந்தது. நீர் மாத்திரையை இரட்டிப்பாக்கியதற்குக் காரணமான எண், மருந்தால் உயர்ந்த எண்ணாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மருந்துக்கும் மருந்துக்கும் இடையே மட்டும் இடைவினை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இடையே நடப்பதை இடைவினைப் பட்டியல்கள் ஓரத்தில்தான் வைக்கின்றன.

குமட்டலும் சாப்பிடாமையும் டாபாகிளிஃப்ளோசினும் சேர்ந்தால் இன்னொன்றையும் பார்த்தே ஆக வேண்டும்: சர்க்கரை ஏறாமலே வரும் கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன்கள் சேர்ந்து ரத்தம் அமிலமாவது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2015லேயே இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தக் கீட்டோன் 1.2, பைகார்பனேட் 21, அமிலத்தன்மை இயல்பு. பட்டினியின் கீட்டோன்தான், ஆனால் இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. மெட்ஃபார்மின் தேங்கினால் ஏறக்கூடிய லாக்டேட்டும் சரியாக இருந்தது. மெட்ஃபார்மினைப் பற்றி இங்கே ஒரு சின்ன வேடிக்கை: சாகுபிட்ரில்-வால்சார்டான் அதன் ரத்த அளவை 23 சதவீதம் குறைப்பதாகச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். மென்பொருள் அதையும் ஒரு வரியாகக் காட்டியது. சிறுநீரகம் தளர்ந்த இவரிடம் மெட்ஃபார்மின் போயிருக்கக்கூடியது அதற்கு நேர் எதிர்த் திசையில். அடோர்வாஸ்டாடினின் உச்ச அளவை இதே மருந்து இரண்டு மடங்கு வரை ஏற்றலாம் என்பதால் தசை நொதியும் பார்த்தார்கள், இயல்பு.

சிகிச்சையும், அதற்குள் ஒளிந்திருந்த சோதனையும்

முதல் நாள் டிகாக்ஸின், ஸ்பைரோனோலாக்டோன், ஃப்யூரோசிமைட், கிளிமெபிரைட், மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் எல்லாம் நிறுத்தம். கார்வெடிலாலும் சாகுபிட்ரில்-வால்சார்டானும் தற்காலிகமாக. உப்பு நீர் 250 மி.லி. வீதம், நெஞ்சில் காதை வைத்துக்கொண்டே ஏற்றினார்கள். சர்க்கரை ஒருமுறை 118 வந்து மூன்று மணி நேரத்தில் மறுபடி 61 ஆனது. கிளிமெபிரைட் போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளால் வரும் லோ சுகரில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஒரு தடவை ஏறியதும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. டிகாக்ஸின் எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருந்தார்கள், நாடி மேலும் இறங்காததால் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் டிகாக்ஸின் 1.5, ஆறாம் நாள் 0.7. நாடி மறுபடி ஒழுங்கு கெட்டது. வார்டில் அன்றைக்கு அதுதான் நல்ல செய்தி.

இப்போது காரணத்தை எப்படி நிறுவுவது? தனி மருந்தின் பக்கவிளைவை எடைபோட 1981இலிருந்து நரஞ்சோ அளவுகோல் இருக்கிறது. இடைவினைக்கென்றே ஹார்ன், ஹான்ஸ்டன், சான் மூவரும் 2007இல் பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நல்ல கேள்விகள். ஆனால் அதில் ஒரு கேள்வி, பாதித்த மருந்தை மாற்றாமல், பாதிக்கச் செய்த மருந்தை மட்டும் நிறுத்தியபோது சரியானதா என்பது. உயிர் காக்க எட்டையும் ஒரே நாளில் நிறுத்திய பிறகு இதற்கு என்ன பதில் எழுதுவது? ஒருவன் தள்ளினான், ஒருவன் விழுந்தான் என்ற கணக்கில்தான் அந்த அளவுகோலே அமைந்திருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து தள்ளிய இடத்தில் அது திணறுகிறது. இந்த நிகழ்வுக்கு மதிப்பெண் போட்டால் "நடந்திருக்கலாம்" என்ற கீழ்ப்படியிலேயே நின்றுவிடும்.

உண்மையான சோதனை, மருந்துகளைத் திரும்பச் சேர்த்த வரிசையில்தான் இருந்தது. எப்படியும் இவற்றில் பலவற்றை இவருக்குத் திரும்பக் கொடுத்தே ஆக வேண்டும். 2019இல் வெளிவந்த டாபா-எச்எஃப் ஆய்வில், 4744 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம், இதயச் செயலிழப்பு மோசமாவதோ இதய மரணமோ டாபாகிளிஃப்ளோசினால் 26 சதவீதம் குறைந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நீர் மாத்திரையிலும் இருந்தவர்கள். நீர் வறட்சி டாபாகிளிஃப்ளோசின் பக்கம் 7.5 சதவீதம், போலி மாத்திரை பக்கம் 6.8. பெரிய வித்தியாசம் இல்லை. கடைசியாக வந்தவன் என்பதற்காக இதைத் துரத்தியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மருந்து, நடுவில் எடையும் ரத்தமும். நான்காம் நாள் சாகுபிட்ரில்-வால்சார்டான் குறைந்த அளவிலும், நாடி ஏறத் தொடங்கியதும் கார்வெடிலால் பாதி அளவிலும் திரும்பின. ஏழாம் நாள் நன்றாகச் சாப்பிடத் தொடங்கியிருந்தார், கிரியாட்டினின் 1.3. அன்று டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., நீர் மாத்திரை இல்லாமல். பதினான்காம் நாள் கிரியாட்டினின் 1.4, ரத்த அழுத்தம் நிற்கும்போதும் 104. இந்தச் சிறு ஏற்றம் எதிர்பார்த்ததே. கணுக்காலில் லேசான வீக்கம், எடை 62.9. அப்போது ஃப்யூரோசிமைட் 20 மட்டும். இருபத்தோராம் நாள் எடை 62.1, கிரியாட்டினின் 1.3, பொட்டாசியம் 4.6. அதன்பின் ஸ்பைரோனோலாக்டோன் 12.5, ஒரு வாரத்தில் பொட்டாசியம் 4.9.

ஆக, டாபாகிளிஃப்ளோசின் தனியாக எதையும் கவிழ்க்கவில்லை. சிறிய நீர் மாத்திரையோடும் கவிழ்க்கவில்லை. 80 மி.கி.யோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மறுபடி செய்து பார்க்க யாரும் துணிய மாட்டார்கள், துணியவும் கூடாது. அந்த ஒரு படி ஊகமாகவே நிற்கிறது.

மெட்ஃபார்மின், வடிகட்டும் வேகம் 45ஐ ஒட்டி நிலைத்த பிறகு, பாதி அளவில். கிளிமெபிரைட் திரும்பவில்லை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 6.8 இருப்பவருக்கு அது எதற்கு என்று யாருக்கும் பதில் தெரியவில்லை. டிகாக்ஸினும் திரும்பவில்லை, கார்வெடிலாலே நாடியை 76இல் வைத்திருந்தது.

வீட்டுக்குப் போகும்போது மருந்து அட்டையில் மூன்று வரிகள் புதிதாக ஏறின. காலையில் எடை பார்த்து எழுதவும், இரண்டு நாளில் ஒன்றரை கிலோ குறைந்தாலும் கூப்பிடவும். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாளில் டாபாகிளிஃப்ளோசினும் மெட்ஃபார்மினும் வேண்டாம், நீர் மாத்திரைக்குக் கேட்டுவிட்டுப் போடவும். மூன்றாவது வரி நோயாளிக்கு எழுதியது இல்லை, அடுத்து பார்க்கப்போகும் மருத்துவருக்கு: பிஎன்பி வேண்டாம், என்டி-ப்ரோபிஎன்பி மட்டும்.